இரண்டு கரிநெருப்புகள்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது: "யூதாஸும் இயேசுவுக்குத் துரோகம் செய்தான், பேதுருவும் செய்தார். ஒருவர் கையில் பரலோகத்தின் திறவுகோல், இன்னொருவர் பெயரே வசைச்சொல். யூதாஸ் வருத்தப்பட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தானே, அவனுக்கு ஏன் மீட்பு இல்லை? சும்மா கேட்கவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த நேரத்தில் என் அண்ணன் எங்களுக்குத் தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏழு வருடமாகப் பேச்சில்லை. வட்டி நான்தான் கட்டுகிறேன். இந்தப் பெரிய வாரத்தில் வீட்டுக்கு வருவதாக ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்."

நான் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது வருடம் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். அப்பா கத்தோலிக்கர், அம்மா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பம். அதனால் வீட்டில் இரண்டு வேதப்புத்தகம். அப்பாவுக்கு அவர் இராயப்பர், அம்மாவுக்குப் பேதுரு. இரண்டு பேருக்கும் யூதாஸ் யூதாஸ்தான்.

முதலில் உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒரு தப்பை எடுத்துவிடுகிறேன். யூதாஸ் நரகத்தில் இருக்கிறான் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒருநாளும் அறிவித்ததில்லை. ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்க அதனிடம் முறை உண்டு. நம்ம மாவட்டத்துக்கே அது நடந்திருக்கிறது. ஒருவரைப் பெயர் சொல்லி நரகத்துக்கு அனுப்ப முறை எதுவும் கிடையாது. "அந்த மனுஷன் பிறவாதிருந்தானானால் அவனுக்கு நலமாயிருக்கும்" என்று இயேசுவே சொன்னது மத்தேயு 26இல் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. கடுமையான வார்த்தைதான். ஆனால் அதைத் தீர்ப்பு என்று படிக்கலாம், புலம்பல் என்றும் படிக்கலாம். பிள்ளை கெட்டுப்போனால் பெற்றவள் வாயிலும் அதே வார்த்தைதானே வரும்?

யூதாஸ் மேல் நமக்கு இருக்கும் கோபம் வேதத்திலிருந்து மட்டும் வந்ததில்லை. தமிழிலிருந்தும் வந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பவனை நம் ஊர் மன்னிக்காது. கன்னியாகுமரிக் கடலுக்குள் 133 அடி உயரத்தில் நிற்கிறாரே, அவர் தீர்மானமாகவே சொல்லிவிட்டார்: "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு." வேறு எந்த நல்லதைக் கெடுத்தவனுக்கும் தப்ப வழி உண்டு, தனக்குச் செய்த நன்மையைக் கொன்றவனுக்கு வழி இல்லை. இது 110ஆம் குறள். வேதத்திலும் இதே குமுறல் கேட்கும். "என் அப்பம் புசித்தவனுமாகிய மனுஷனும், என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான்" என்கிறது 41ஆம் சங்கீதம். கடைசி இராப்போஜனத்தில் இயேசு எடுத்துச் சொல்வது இந்த வரியைத்தான். ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிட்டவன் என்பதுதான் அங்கேயும் வலி. ஆக, உய்வு உண்டா இல்லையா என்ற உங்கள் கேள்வியில் வள்ளுவர் ஒரு பக்கம் நிற்கிறார். சுவிசேஷம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். காட்டினான், கொடுத்தான். கெத்செமனே தோட்டத்தில் யூதாஸ் செய்தது எழுத்துக்கு எழுத்து அதுதான். இருட்டில் இன்னார் என்று முத்தத்தால் காட்டினான், கொடுத்தான். கிரேக்க மூலத்தில் இவ்வளவு படம் இல்லை. அங்கே இருப்பது 'பராதிதோமி' என்ற சாதாரண வினை. கையளிப்பது, ஒப்படைப்பது என்று அர்த்தம். யூதாஸ் இயேசுவை ஆசாரியர்களிடம் ஒப்படைத்தான், அவர்கள் பிலாத்துவிடம், பிலாத்து சேவகர்களிடம் சிலுவையில் அறைய. எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான். அப்புறம் வேறொரு இடத்தில் அதே வினை வருகிறது. ரோமர் 8:32இல், தேவன் தம்முடைய சொந்தக் குமாரன் என்றும் பாராமல் நமக்காக அவரை 'ஒப்புக்கொடுத்தவர்' என்று பவுல் எழுதுகிறாரே, அங்கேயும் பராதிதோமிதான். கலாத்தியர் 2:20இல் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த தேவகுமாரன் என்ற இடத்திலும் அதுதான். மனுஷன் செய்தால் காட்டிக்கொடுத்தல், கடவுள் செய்தால் ஒப்புக்கொடுத்தல் என்று தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பிரித்துவிட்டார்கள். தப்பில்லை, தமிழுக்கு அப்படித்தான் வேண்டும். ஆனால் மூலத்தில் படிக்கிறவனுக்கு முதுகு சிலிர்க்கும். யூதாஸ் கையளித்ததையே கடவுள் எடுத்து உலகத்துக்குக் கையளிக்கிறார். சர்ச்சில் இராப்போஜன ஆராதனையில் போதகர் ஐயர் அப்பத்தைக் கையில் எடுக்கும் முன்பு "காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" என்று சொல்கிறாரே, அது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வரி. துரோகத்தின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பந்தி ஆரம்பிப்பதே இல்லை.

அப்படியானால் எல்லாம் தேவதிட்டம்தானே, யூதாஸ் வெறும் கருவிதானே என்று சில புத்திசாலிப் பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். 2006இல் யூதாஸ் பெயரில் ஒரு பழைய காப்டிக் ஏடு வெளியானபோது இந்தப் பேச்சு கூடிப்போனது. அப்படி ஒரு நூல் உலவுவதை ஏறக்குறைய 180ஆம் ஆண்டிலேயே ஆயர் இரேனேயு கண்டித்து எழுதிவிட்டார். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. யூதாஸ் தானே வந்து "பாவஞ்செய்தேன்" என்கிறான். அவனே ஏற்றுக்கொண்ட பொறுப்பை நாம் எதற்குப் பிடுங்க வேண்டும்?

காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு பெரிய தொகையும் இல்லை, சின்னத் தொகையும் இல்லை. அது தீரு பட்டணத்து நாணயமாக இருந்தால் நாலு மாதக் கூலி தேறும். யாத்திராகமம் 21இல் மாடு முட்டி ஓர் அடிமை செத்தால் மாட்டுக்காரன் எஜமானுக்குக் கட்ட வேண்டிய தொகையும் முப்பது சேக்கல்தான். அவமானம் தொகையில் இல்லை, அந்த விலைச்சீட்டில் இருக்கிறது.

சரி, பேதுருவுக்கும் யூதாஸுக்கும் என்ன வித்தியாசம்? பிரசங்கங்களில் அடிக்கடி ஒரு விளக்கம் வரும். யூதாஸுக்கு வந்தது வெறும் மனஸ்தாபம், பேதுருவுக்கு வந்தது மனந்திரும்புதல். கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொல் என்பார்கள். நானும் பல வருடம் அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொற்கள் வேறு என்பது உண்மை. மத்தேயு 27:3இல் "மனஸ்தாபப்பட்டு" என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் இரண்டு மகன்கள் உவமை வருகிறது. திராட்சத் தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொன்னதும் மாட்டேன் என்றவன், பின்பு "மனஸ்தாபப்பட்டுப் போனான்". அங்கேயும் அதே கிரேக்கச் சொல், அதே தமிழ்ச் சொல். அவன்தான் தகப்பன் சித்தத்தைச் செய்தவன் என்று இயேசு பாராட்டுகிறார். ஆகவே அந்த மனஸ்தாபம் மட்டமான சரக்கு என்று சொல்ல முடியாது. இதைக் கவனித்த பிறகு பழைய விளக்கத்தை விட்டுவிட்டேன்.

யூதாஸ் செய்ததை வரிசையாகப் பாருங்கள். வருந்தினான். காசைத் திரும்பக் கொண்டுபோனான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டு, அதுவும் ஆசாரியர்கள் முன்னால், சொன்னான். பாவசங்கீர்த்தனத்துக்கு நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் படிகள் எல்லாம் இருக்கின்றன: மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பேதுரு இவ்வளவுகூடச் செய்யவில்லை. சேவல் கூவியது, ஆண்டவர் திரும்பிப் பார்த்தார், அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். அவ்வளவுதான். பிலாத்துவின் முற்றத்துக்கு ஓடிப்போய் "நானும் அவரோடு இருந்தவன்தான்" என்று சொல்லவில்லை. குற்றமில்லாத இரத்தம் என்று அன்றைக்கு அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொன்ன சீடன் யூதாஸ் மட்டுமே.

வித்தியாசம் அவன் போய் நின்ற இடத்தில் இருக்கிறது. ஆசாரியர்களும் மூப்பர்களும் அவனுக்குக் கொடுத்த பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு."

பாவத்தை மன்னிப்பதற்கென்றே பலி செலுத்தும் வேலையில் இருந்தவர்கள் அவர்கள். எதிரில் ஒருவன் பாவம் செய்தேன் என்று நடுங்கிக்கொண்டு நிற்கிறான். காரியம் முடிந்துவிட்டது, இனி ஆள் தேவையில்லை. அப்புறம் தரையில் கிடந்த காசை மட்டும் பொறுக்கி, இது இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று சட்டம் பேசினார்கள். குயவன் நிலத்தை அந்நியரை அடக்கம் பண்ண வாங்கினார்கள். காசுக்குக்கூட ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார்கள், அவனுக்கு இல்லை.

இதை இவ்வளவு சூடாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன்பு எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பையன் திருவிழா வரி பிரிக்கிற பொறுப்பில் இருந்தான். என்னிடம் படித்தவன்தான். கையிலிருந்த பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டான். ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, "சார், தப்புப் பண்ணிட்டேன்" என்றான். கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருந்தது. எனக்குப் பயம், நானும் கமிட்டியில் இருந்தவன், என் பெயரும் இதில் இழுபடும். "அது ஒனக்க காரியம் மக்களே, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. மறுநாள் காலையில் அவன் திருவனந்தபுரம் பஸ் ஏறிவிட்டான். அவன் அம்மா கம்மலை விற்றுப் பணத்தைக் கட்டினாள். அதற்குப் பிறகு அவன் ஊர்க் கோயில் படி ஏறவில்லை.

அடுத்த குருத்தோலை ஞாயிறு மத்தேயுவின் பாடுகள் வாசகம். ஆளுக்கொரு பங்காகப் பிரித்து வாசிப்போம். தலைமைக் குருக்கள், மூப்பர்கள் பகுதி எனக்கு வந்தது. புதிய மொழிபெயர்ப்பில் அந்த வரி, "அதைப்பற்றி எங்களுக்கு என்ன? நீயே பார்த்துக்கொள்" என்று இருக்கிறது. மைக் முன்னால் நின்று அதை வாசித்தேன். என் பெஞ்சாதி முதல் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ராத்திரி தெரியும்.

யூதாஸின் முடிவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டது வெள்ளிக்கிழமை. கல்லறை திறந்தது ஞாயிற்றுக்கிழமை. பேதுரு அந்த மூன்று நாளையும் எப்படியோ தாண்டிவிட்டார், யூதாஸ் தாண்டவில்லை. தாண்டியிருந்தால், உயிர்த்த இயேசு சீடர்களுக்குக் காலை ஆகாரம் வைத்த கடற்கரையில் அவனுக்கும் மீன் வைக்கப்பட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை. தோட்டத்தில் முத்தமிட்டவனை "சிநேகிதனே" என்றுதானே இயேசு கூப்பிட்டார்? சின்ன வயதில், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். 1917இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அதற்கு ஒரு விதியே இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அந்த விதி இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், அப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது, கடவுள் தமக்கு மட்டும் தெரிந்த வழியில் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்புக் கொடுக்க முடியும் என்கிறது. திருச்சபை இதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது எனக்கு வருத்தம்தான். பிரான்சில் வெசலே என்ற ஊரில் 12ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் தூண் ஒன்றின் தலையில் ஒரு பக்கம் இறந்த யூதாஸையும், மறுபக்கம் அந்த உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற ஒருவரையும் செதுக்கியிருக்கிறார்கள். தூக்கிப் போகிறவர் நல்ல ஆயன் என்று திருத்தந்தை பிரான்சிஸ் பல தடவை சொல்லியிருக்கிறார். சட்டப்புத்தகத்துக்கு எண்ணூறு வருடம் முன்பே ஒரு கல்தச்சனுக்கு அது தோன்றியிருக்கிறது.

இனி பேதுரு. யோவான் நற்செய்தியைக் கரையோரத்து ஆட்கள் படிப்பதுபோல உள்நாட்டுக்காரர்கள் படிக்க முடியாது. முட்டத்திலோ குளச்சலிலோ விடியற்காலையில் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். வள்ளம் கரை பிடிக்கும் முன்பே, "பாடு உண்டா?" என்று கேட்பார்கள். எங்கள் கடற்கரையில் பாடு என்றால் கிடைத்த மீன். 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு கரையில் நின்று கேட்பது அதே கேள்விதான்: பிள்ளைகளே, சாப்பிட ஏதாவது உண்டா? ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. வலதுபக்கம் போடச் சொல்கிறார், 153 பெரிய மீன். கரையேறியவர்கள் பார்ப்பது, "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும்".

கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இது. இன்னொன்று பிரதான ஆசாரியனின் முற்றம். குளிருக்காகச் சேவகர்கள் போட்ட கரிநெருப்பில் பேதுருவும் நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அங்கே வைத்துத்தான் "நான் அல்ல" என்றார். நெருப்பு வாசனைக்கு ஞாபகசக்தி அதிகம். கரை ஏறி அந்தப் புகை மூக்கில் பட்டபோது அந்த மனுஷனுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். இயேசு அந்த இடத்துக்கே அவரைத் திரும்பக் கூட்டிவந்து, ஆனால் இந்த முறை அதன்மேல் காலை ஆகாரம் வைத்திருக்கிறார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". சாப்பிட்டு முடித்த பின்புதான் கேள்வி. "ஏன் மறுதலித்தாய்?" என்ற கேள்வியும் இல்லை. "யோனாவின் குமாரனாகிய சீமோனே, இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று கேட்கிறார். பாறை என்று தாம் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, பழைய பெயர்தான். "இவர்களிலும் அதிகமாய்" என்பதில் ஒரு முள் இருக்கிறது. எல்லாரும் இடறினாலும் நான் இடறேன் என்று மார்தட்டியவர் அல்லவா? பேதுரு பதில் சொல்லும்போது அந்த 'அதிகமாய்' பக்கமே போகவில்லை. நேசிக்கிறேன், உமக்கே தெரியும் என்கிறார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. மூன்றாவது தடவை பேதுருவுக்குத் துக்கம் வந்துவிடுகிறது. வலிக்காமல் விட்டுவிடவில்லை இயேசு. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு வேலை கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய்.

பேதுரு அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது எப்படி? தனியாக வரவில்லை. "மீன்பிடிக்கப்போகிறேன்" என்று அவர் சொன்னதும், நாங்களும் வருகிறோம் என்று கூட ஆறு பேர் ஏறினார்கள். அவர் மறுதலித்தது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? யாரும் அது உன்பாடு என்று சொல்லவில்லை. அவர்களும் தோட்டத்திலிருந்து ஓடியவர்கள்தான்.

அதோடு பேதுரு மாறிவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராக எதிர்த்தேன் என்று கலாத்தியர் 2இல் எழுதுகிறார். மறுபடி ஒரு பந்தியில், மறுபடி ஆட்களுக்குப் பயந்து. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் வடக்கன்குளம். அங்கே சாதிக்கொரு பக்கம் என்று கோயிலையே இரண்டாகக் கட்டி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910இல்தான் அதை இடித்தார்கள். எனக்கு அதுவும் ஒரு மறுதலிப்புதான்.

அதே வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் வாங்கியவர்தான் நம்ம தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் அவர். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரசில் வேலை. அவருக்குக் கிறிஸ்துவைச் சொன்னவர் டிலனாய், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி. பிடிபட்டவர், தோற்கடித்த ராஜாவுக்கே படையைப் பழக்கிக் கொடுத்து வலிய கப்பித்தான், அதாவது படைத்தலைவர், ஆனார். இன்றைக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கம்பெனியின் கண்ணில் அவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். தேவசகாயத்தை 1749இல் பிடித்தபோது சுமத்திய குற்றம் ராஜதுரோகம். காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லித்தான் அவரைச் சிறைப்பிடித்தார்கள். விசுவாசத்தை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். மூன்று வருடம் அவர் விடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், கோட்டாறு கோயிலில் அடக்கம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். துரோகி என்று யார் யாரைச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தச் சொல்லை நம்ப வேண்டும். உங்கள் அண்ணன் விஷயத்தில் சந்தேகமில்லை, பத்திரம் அடகில் இருக்கிறது.

எல்லாரும் தேவசகாயமாக முடியாது என்பது ஆதித் திருச்சபைக்குத் தெரிந்திருந்தது. 250இல் டேசியுஸ் பேரரசன் காலத்தில், தெய்வங்களுக்குப் பலியிட்டதாக எல்லாரும் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. பல கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். சேர்க்கவே கூடாது என்று ரோமில் நொவாசியான் என்ற குரு நின்றார். அவர் 110ஆம் குறள் கட்சி. கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான், சேர்க்கலாம், ஆனால் சும்மா அல்ல என்றார். பிறகு 303இல் தியோக்ளேசியன் வேதப்புத்தகங்களைப் பிடுங்கி எரித்தபோது அவற்றை எடுத்துக் கொடுத்தவர்களுக்கு லத்தீனில் 'திரதித்தோர்' என்று பெயர் வந்தது, கையளித்தவர் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் துரோகிக்குச் சொல்லும் வார்த்தை அந்த வேரில் வந்ததுதான். அப்படிக் கொடுத்த ஆயர் கையால் பெற்ற அபிஷேகம் செல்லுமா என்று வட ஆப்பிரிக்காவில் நூறு வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது.

325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம் பதினோராவது விதியில் ஒரு கணக்குப் போட்டது. எந்த வற்புறுத்தலும் இல்லாமலே மறுதலித்தவர்கள், இரக்கத்துக்குத் தகுதி இல்லாவிட்டாலும், இரக்கம் பெறட்டும். மூன்று வருடம் வாசகம் மட்டும் கேட்கிறவர்களோடு, ஏழு வருடம் மண்டியிடுகிறவர்களோடு, இரண்டு வருடம் சபையோடு ஜெபத்தில், ஆனால் நற்கருணை இல்லாமல். மொத்தம் பன்னிரண்டு. இன்றைக்கு இது கொடுமையாகத் தோன்றும். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. முதல் நாளிலிருந்தே அவன் கோயிலுக்குள் இருக்கிறான். நற்கருணைதான் பன்னிரண்டு வருடம் தள்ளிப் போகிறது. உள்ளே விடுவது வேறு, சாவியைக் கையில் கொடுப்பது வேறு.

மீட்பு என்கிறோமே, சி.எஸ்.ஐ.க்காரர்கள் இரட்சிப்பு என்பதை நாங்கள் மீட்பு என்கிறோம். அது வேறு எங்கேயும் உள்ள சொல் இல்லை தங்கச்சி, அடகுக்கடைச் சொல். நகையை மீட்கிறோம், பத்திரத்தை மீட்கிறோம். யாரோ ஒருவர் பணம் கட்டாமல் எதுவும் மீளாது. உங்கள் வீட்டில் ஏழு வருடமாக அதைக் கட்டுவது நீங்கள். அதனால் மன்னித்துவிடு, மறந்துவிடு என்று லேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரி வசூலித்த சகேயு வீட்டில் நடந்ததுதான் நியாயம்: அவனைக் கீழே இறங்கி வரச் சொல்லி அவன் வீட்டுக்கே போனார் இயேசு, அதன் பிறகு அவன் தானாக எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். உங்கள் அண்ணனிடம் நாலு மடங்கு எதிர்பார்க்க வேண்டாம். அசலாவது வரட்டும்.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். வரட்டும் என்று ஆள்விட்டே பதில் சொல்லுங்கள். வாசலில் நின்று கணக்குக் கேட்காதீர்கள். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து கோயிலில் கஞ்சி ஊற்றுவார்களே, அங்கே அவருக்கும் ஒரு பாத்திரம் வாங்கிக் கொடுங்கள், ஊர் பார்க்கட்டும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் அழுதாலும் சரி. அம்மா இருந்தால் அம்மா பக்கத்தில் அவரை உட்காரவிடுங்கள். ஈஸ்டர் மதியம் சோறு தின்று கை கழுவின பிறகு, அடுத்த மாத வட்டி யார் கட்டுவது என்று கேளுங்கள்.